எந்தக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுவது? மூன்று தலைமுறைக் கதை

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார், பையனுக்கு எந்தக் காலேஜ் போடலாம்?" முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால், பேரன் பேத்தியை இன்ஜினியரிங் சேர்க்கப் போகிறவர்கள் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். தாத்தா 1970-ல் இருந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அப்பா 1995-ன் விதியைச் சொல்கிறார். பையனுக்கு வேண்டியதோ இந்த வருஷத்து விதி. ஒரே வீட்டில் மூன்று விதிகள் மோதிக்கொள்கின்றன. மூன்றுமே அந்தந்தக் காலத்தில் சரியானவைதான். அவை எப்படி வந்தன என்று நம் வயதுக்காரர்களுக்காக எழுதி வைக்கலாமே என்று தோன்றியது.

காலேஜ் ஒன்றே ஒன்று

இன்றைக்குக் கிண்டி என்று சொல்லும் கல்லூரியின் தொடக்கம் 1794. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. சென்னையில் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள். 1859-ல் அது இன்ஜினியரிங் காலேஜ் ஆனது. கிண்டியில் இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது 1920-ல்.

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென்கன்னடமும் சேர்ந்திருந்தன. அத்தனை பெரிய நிலப்பரப்புக்கு இன்ஜினியரிங் பட்டம் என்றால் 1945 வரைக்கும் கிண்டிதான். ஆகவே எந்தக் காலேஜுக்குப் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. கிண்டி கிடைத்தால் இன்ஜினியர், கிடைக்காவிட்டால் பி.ஏ. அல்லது பி.எஸ்.ஸி. படித்துவிட்டு வேறு வேலை. படித்து வந்தவர்களும் பெரும்பாலும் பொதுப்பணித் துறைக்கே போனார்கள். அணை, பாலம், ரோடு, கால்வாய். கல்லூரி இருந்ததே அதற்காகத்தான்.

இந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை அவசியம் சொல்ல வேண்டும். 1940-ல் கிண்டியில் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. விதவைப் பெண் வீட்டு மூலையில் உட்கார வேண்டும் என்று ஊரே நினைத்த காலம். அவர் எலக்ட்ரிக்கல் எடுத்துப் படித்து, நாட்டின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவராக வெளியே வந்தார். அவரைத் தொடர்ந்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள்.

லலிதாவின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதனோடு சேர்த்து ஒரு சிறு விவரத்தையும் பார்க்க வேண்டும். அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் அதே கிண்டியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். பெண்ணைச் சேர்த்துக்கொள்ள முடியும், யாரைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதே வருஷத்தில் அதே மூளையோடு தஞ்சாவூர்ப் பக்கமோ சேலம் பக்கமோ ஒரு பெண் இருந்திருந்தால், அப்படி ஒரு கதவு இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. இந்த நூற்றைம்பது, இருநூறு வருஷக் கதையில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். மார்க் எத்தனை என்பதற்குச் சமமாக, வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதும் ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்திருக்கிறது.

395 இடங்கள்

யுத்தம் முடிகிற சமயத்தில் நிலைமை மாறியது. 1945-ல் நம் கோயம்புத்தூரில், ஜி.டி. நாயுடுவின் முயற்சியில், அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு கல்லூரி வந்தது. இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி.யின் மூலம் அதுதான். அதே வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இன்ஜினியரிங் தொடங்கியது. அடுத்த வருஷம் காக்கிநாடா, அனந்தப்பூர் கல்லூரிகள் வந்தன.

அப்போது எத்தனை இடங்கள் இருந்தன என்பதற்குச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சாட்சி. 1951 ஏப்ரல் 9-ல் வந்த செண்பகம் துரைராஜன் வழக்குத் தீர்ப்பு நம்மில் பலருக்குத் தெரியும். செண்பகம் கேட்டது மெடிக்கல். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கு சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவருடையது. அவர் கேட்டது கிண்டி இன்ஜினியரிங். இன்டர்மீடியட்டில் அவர் கணக்கில் எடுக்கப்படும் பாடங்களில் 450-க்கு 369 வாங்கியிருந்தார். அரசின் நான்கு இன்ஜினியரிங் கல்லூரிகளிலும் சேர்த்து மொத்தம் 395 இடங்கள். ஒவ்வொரு பதினான்கு இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று கம்யூனல் ஜி.ஓ. பிரித்திருந்தது.

கோர்ட் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய போராட்டம் எழுந்தது. சில மாதங்களில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது வேறு கதை. எனக்கு அந்த 395 என்ற எண்தான் மறக்கவில்லை. ஆந்திரா, மலபார் எல்லாம் சேர்ந்த மாகாணத்துக்கு அவ்வளவுதான். இன்றைக்கு ஒரே ஒரு நடுத்தரத் தனியார் கல்லூரியில் ஒரு வருஷத்தில் அதைவிட அதிகம் பேர் சேர்கிறார்கள்.

தட்டுப்பாட்டைப் பார்த்து மில் முதலாளிகளும் வள்ளல்களும் இறங்கினார்கள். குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-ல் எம்.ஐ.டி. தொடங்கினார். கோவையில் 1951-ல் பி.எஸ்.ஜி., காரைக்குடியில் 1952-ல் அழகப்பா, மறுபடி கோவையில் 1956-ல் சி.ஐ.டி., மதுரையில் 1957-ல் தியாகராசர் என்று வரிசையாக வந்தன. 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு சென்னை ஐ.ஐ.டி., 1964-ல் திருச்சி ஆர்.இ.சி., 1966-ல் சேலம் அரசுக் கல்லூரி.

எம்.ஐ.டி. அப்போது பி.எஸ்.ஸி. முடித்தவர்களை மூன்று வருஷப் படிப்புக்கு எடுத்தது. அப்துல் கலாம் போனது அந்த வழியில்தான். திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் பி.எஸ்.ஸி. பிசிக்ஸ் கடைசி வருஷம் படிக்கும்போதுதான், இன்டர்மீடியட் முடித்ததுமே இன்ஜினியரிங் போயிருக்கலாம் என்பது தமக்குப் புரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பணத்தை அக்கா கொடுத்தார். விவரத்தைச் சொல்லத்தான் ராமேஸ்வரத்தில் ஆள் இல்லை. எம்.ஐ.டி. மட்டும் பட்டதாரிகளை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தாவின் விதி: கிடைப்பதைப் பிடி

நான் பி.யூ.சி. படித்தது அறுபதுகளின் கடைசியில். பதினோரு வருஷம் பள்ளி, ஒரு வருஷம் பி.யூ.சி., பிறகு ஐந்து வருஷம் பி.இ. இதுதான் அன்றைய கணக்கு. ஒரு அப்ளிகேஷன் அனுப்புவது என்றால் என்ன பாடு என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜெராக்ஸ் கிடையாது. சர்ட்டிபிகேட்டை டைப்பிஸ்ட் கடையில் கொடுத்து நகல் அடிக்க வேண்டும். கெஜட்டட் ஆபீசரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தாசில்தார் ஆபீசில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். பாரத்துக்குப் பணம், ரிஜிஸ்டர் தபாலுக்குப் பணம். ஒவ்வொரு கல்லூரிக்கும் இப்படித் தனித்தனியாக. ஐந்து கல்லூரிக்குப் போட்டவனை ஊரில் வசதிக்காரன் என்பார்கள்.

பிறகு இன்டர்வியூ. அங்கே யார் என்ன கேட்பார்கள், அப்பா என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போவோம். முதல் முறை பேன்ட் போட்டதே இன்டர்வியூவுக்குத்தான் என்று சொல்பவர்கள் பலர்.

என்னோடு படித்த ஒருவனின் அப்பா கைத்தறி நெய்கிறவர். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவன்தான் முதல். வீட்டில் ஒரே ஒரு அப்ளிகேஷனுக்குத்தான் பணம் கொடுத்தார்கள். இன்டர்வியூ கார்டு அவன் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யாரைப் பார்த்து முறையிடுவது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பி.எஸ்.ஸி. சேர்ந்து, வேலைக்குப் போய், நல்லபடியாகவே வாழ்ந்து ரிட்டயர் ஆனான். ஆனால் பிள்ளைகளுக்கு அவன் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "எது கிடைக்குமோ அதை முதலில் போடு. பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டு உள்ளதையும் விட்டுவிடாதே."

அந்தப் புத்திமதியில் அன்றைக்குத் தப்பே இல்லை. காசும் தபாலும் பஸ்ஸும் தீர்மானித்த காலம். ஒரு அப்ளிகேஷன் வீணானால் ஒரு வருஷம் வீண். அதோடு 1967, 68 வாக்கில் நாட்டில் தொழில் மந்தமாகி, படித்து முடித்த இன்ஜினியருக்கே வேலை இல்லை என்ற நிலையும் வந்தது. ஆகவே பக்கத்தில் எந்தக் காலேஜோ அது, சர்க்கார் வேலை எந்தப் பிரிவுக்கோ அது என்று முடிவு செய்தார்கள். சிவில் என்றால் பி.டபிள்யூ.டி., எலக்ட்ரிக்கல் என்றால் இ.பி. ஆழியாறும் பரம்பிக்குளமும் கட்டி முடிவதைக் கண்ணால் பார்த்த நம் பக்கத்துக்காரர்களுக்குச் சிவில் மேல் ஒரு தனி மரியாதை. கோவையில் மில்லும் மோட்டாரும் பம்பும் இருந்ததால் மெக்கானிக்கலுக்கும் மதிப்பு உண்டு.

அப்பாவின் விதி: ரேங்க் வந்தால் ராஜா, வராவிட்டால் டொனேஷன்

பிளஸ் டூ முதல் பொதுத் தேர்வு 1980-ல் நடந்தது. பி.யூ.சி. போனது, பி.இ. நான்கு வருஷம் ஆனது. 1984-ல் இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று, நுழைவுத் தேர்வு. இரண்டு, எம்.ஜி.ஆர். அரசு அனுமதித்த சுயநிதிக் கல்லூரிகள். பெருந்துறையில் கொங்கு, சிவகாசியில் மெப்கோ, வேலூரில் இன்று வி.ஐ.டி.யாக இருக்கும் கல்லூரி எல்லாம் அந்த வருஷத்தில் பிறந்தவை.

அதற்கு முன் பணம் இருந்தவர்கள் பிள்ளைகளைக் கர்நாடகாவுக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தப் பணம் இங்கேயே சுற்ற ஆரம்பித்தது. டொனேஷன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் புது அர்த்தம் வந்தது அப்போதுதான். கட்டாய நன்கொடையைத் தடை செய்யத் தமிழ்நாடு 1992-ல் சட்டம் போட்டது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், தனியார் கல்லூரிகளில் பாதி இடம் மெரிட்டில் குறைந்த கட்டணத்துக்கு, பாதி இடம் கூடுதல் கட்டணத்துக்கு என்று ஒரு ஏற்பாடு சொன்னது. 2002-ல் வேறொரு தீர்ப்பு வந்து அது மாறியது. மெரிட் இடம், மேனேஜ்மென்ட் இடம் என்ற பேச்சு மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

நுழைவுத் தேர்வுக் காலத்தில் கட் ஆஃப் 300-க்கு. கணக்கு 100, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து 100, நுழைவுத் தேர்வு 100. கால் மார்க்கில் நூற்றுக்கணக்கான பேர் முன்னே போய்விடுவார்கள். கோச்சிங் சென்டருக்கு அனுப்ப முடிந்தவர்கள் ஒரு பக்கம், எங்கள் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள்கூட, நான்கு விடையில் ஒன்றை நொடியில் குறிக்கும் பழக்கம் இல்லாமல் திணறியதை நேரில் பார்த்தவன் நான். நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2006-ம் வருஷச் சட்டத்தின்படி 2007 முதல் நுழைவுத் தேர்வு போய், கட் ஆஃப் 200 ஆனது.

1997-ல் வந்த ஒற்றைச் சாளர முறையைப் பெரிய புரட்சி என்றே சொல்வேன். ஒரே பாரம், ஒரே கட்டணம், ஒரே ரேங்க். மாநிலம் முழுதும் உள்ள பிள்ளைகள் கிண்டிக்கு வர வேண்டும். விடியற்காலை பஸ்ஸில் இறங்கி, சூட்கேஸும் டி.டி.யுமாக வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெற்றோரை நினைத்தால் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். கிண்டிக்கு 1, எம்.ஐ.டி.க்கு 4, பி.எஸ்.ஜி.க்கு 2006 என்று கோடு நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போவார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த சில நிமிஷத்தில் நான்கு வருஷத்தை முடிவு செய்ய வேண்டும். பையன் மெக்கானிக்கல் என்பான், அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பார், பின்னால் வரிசை நிற்கும்.

நல்ல காலேஜில் சாதாரணப் பிரிவா, சாதாரணக் காலேஜில் கம்ப்யூட்டரா என்ற வாக்குவாதம் வீடுகளில் பிறந்தது இந்தக் காலத்தில்தான். 2000 வரைக்கும் கம்ப்யூட்டர், ஐ.டி. என்று ஓடியவர்கள், 2001-ல் அமெரிக்காவில் ஐ.டி. கம்பெனிகள் சரிந்ததும் திரும்பி எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஓடினார்கள். சேரும்போது சூடாக இருக்கும் பிரிவு, படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான் என்று அப்போதே தெரிந்துபோனது. சிவிலில் 1967-ல் நடந்ததும் இதுதானே?

பேரனின் விதி: ஆசைப்பட்ட வரிசையில் போடு

2010-க்குப் பின் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. 395 இடத்துக்கு வழக்குப் போட்ட காலம் போய், ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கும் காலம் வந்தது. 2018 முதல் கவுன்சிலிங் ஆன்லைனில். கிண்டிக்குப் போக வேண்டாம். வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியல் கொடுக்கலாம். ஐம்பது, நூறு என்று எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், கூடுதல் பைசா கிடையாது.

நாம் பேரப்பிள்ளைகளைக் குழப்புவது இங்கேதான். "கிடைப்பதை முதலில் போடு" என்ற தாத்தாவின் விதி இந்த முறைக்குப் பொருந்தவே பொருந்தாது. கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதைக் கொடுக்கும். இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். பெரிய கல்லூரியை மேலே போட்டதால் கீழே இருக்கும் கல்லூரியில் வாய்ப்புக் குறைவதே இல்லை. ஆனால் பயந்துபோய் சுமாரான கல்லூரியை மேலே போட்டு, அது கிடைத்துவிட்டால், கீழே இருக்கும் நல்ல கல்லூரியைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. நல்ல கட் ஆஃப் வைத்திருந்தும் இப்படி இடம் இழந்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வரிசை முழுக்க ஆசைப்படி இருக்க வேண்டும். பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

எதன் மேல் ஆசைப்படுவது என்பதுதான் இப்போது கஷ்டம். அதற்கும் சில வழிகள் உண்டு. போன வருஷங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்த வகுப்பில், எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை அந்த விழுக்காட்டில் ஒப்பிட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும். பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பஸ்ஸேறி ஒருமுறை நேரில் போய், இரண்டாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரிடம் பேசுங்கள். லேப் திறந்திருக்கிறதா, வாத்தியார்கள் வருஷா வருஷம் மாறுகிறார்களா என்று கேளுங்கள். ஹோர்டிங்கில் உள்ள சம்பளத்தைவிட அந்தப் பிள்ளைகள் சொல்வது நம்பகமானது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் 2010 முதல் டியூஷன் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆன்லைன் தெரியாதவர்களுக்கு மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு.

லலிதாவுக்கு விவரம் சொல்ல அப்பா இருந்தார். நெசவாளர் வீட்டுப் பையனுக்கு யாரும் இல்லை. இன்றைக்குக் கல்லூரிகள் பெருகியும், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் வீடுகளில் அந்த ஆள் இன்னும் இல்லைதான். கட் ஆஃப் 180 வாங்கிவிட்டு, விளம்பர நோட்டீஸ் கொடுத்தவர் சொன்ன கல்லூரியில் நேராகப் போய்ப் பணம் கட்டிவிடுகிறார்கள். நம்மைப் போல் ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்கு வேலைக்கு வருபவர், பால் ஊற்றுபவர், இஸ்திரி போடுபவர் யார் வீட்டிலாவது பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைசித் தேதியைச் சொல்லுங்கள். பட்டியல் போடும் அன்று ஒரு மணி நேரம் கூட உட்காருங்கள்.

உங்கள் காலத்தில் எத்தனை கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட்டீர்கள், எதில் கிடைத்தது, ஏன் அதை எடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். முக்கியமாக, 1960-களில் சேர்ந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவசியம் எழுத வேண்டும்.